22 விரல், பல்லில்லாத வாய், தொங்கும் நாக்கு... ‘லில் பப்’ பூனை சொல்லிவிட்டுப் போனது என்ன?

ஒரு பழைய தட்டுமுட்டுச் சாமான் கொட்டகை. உள்ளே தெருப்பூனை ஒன்று போட்ட குட்டிகள். அதில் ஒன்று மட்டும் நோஞ்சான். மற்ற குட்டிகள் முண்டியடித்துப் பால் குடிக்க, இந்தக் குட்டியால் அது முடியவில்லை. கண் மட்டும் பெரிசு பெரிசாக இருக்கிறது. நாக்கு வெளியே தொங்குகிறது. காலைப் பார்த்தால் விரல்கள் கணக்குக்கு மேல்.

2011-ம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்துக் கிராமப்புறத்தில் நடந்த கதை இது. பொதுவாக இப்படிப் பிறக்கும் குட்டிகளின் கதை நாலைந்து நாளில் முடிந்துவிடும். தாய்ப்பூனையே ஒதுக்கிவிடும். யாராவது தூக்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போனாலும், ‘இது தேறாது’ என்ற பதில் வரத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆனால், இந்தக் குட்டி எட்டு வருடம் வாழ்ந்தது. இன்ஸ்டாகிராமில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபாலோயர்ஸ். அதன் பெயரில் ஒரு புத்தகம், ஒரு ஆவணப்படம், ஒரு மியூசிக் ஆல்பம். அட, பூனைக்கு ஆல்பமா? ஆமாம், அதுவும்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னைப் போலவே உடல் குறையோடு காப்பகங்களில் காத்துக்கிடக்கும் பிராணிகளுக்காக 7 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டிக் கொடுத்துவிட்டுப் போனது.

அந்தப் பூனையின் பெயர் லில் பப். அதற்கு என்ன பிரச்னை, எப்படி அத்தனை வருடம் வாழ்ந்தது, இப்படிப்பட்ட பூனைகளைக் காப்பகங்கள் எப்படிப் பராமரிக்கின்றன, இதில் நாம் கவனிக்க வேண்டிய ஆபத்து ஏதாவது இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த லில் பப்?

இண்டியானாவின் ப்ளூமிங்டன் நகரில் ஒலிப்பதிவு ஸ்டூடியோ நடத்திவந்தவர் மைக் பிரிடாவ்ஸ்கி. அவர் வீட்டில் ஏற்கெனவே நான்கு பூனைகள். நான்குமே எங்கெங்கோ மீட்கப்பட்டவை. ஐந்தாவதாக ஒன்றை வளர்க்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால், நண்பர் வழியாக அந்த நோஞ்சான் குட்டியின் புகைப்படம் அவர் மொபைலுக்கு வந்தது. இதை வேறு யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆரம்பத்தில் பாட்டில் பால்தான். குட்டி வளர்ந்தது. ஆனால், குட்டியாகவேதான் வளர்ந்தது. ஒரு சராசரி வளர்ந்த பூனை 4 முதல் 5 கிலோ இருக்கும். லில் பப் கடைசிவரை 2 கிலோவைக்கூடத் தொடவில்லை. வாழ்நாள் முழுக்கக் குட்டிப்பூனை சைஸ்தான்.

2011 இறுதியில் பிரிடாவ்ஸ்கி விளையாட்டாக அதன் படங்களை டம்ப்ளர் தளத்தில் போட ஆரம்பித்தார். 2012-ல் அது வைரல். காரணம் அந்த முகம். அகலமான பச்சைக் கண்கள், குட்டையான கீழ்த்தாடை, எந்நேரமும் வெளியே எட்டிப்பார்க்கும் நாக்கு. எதைப் பார்த்தாலும் ‘ஐயோ, இது என்ன அதிசயம்!’ என்று வியப்பதைப் போன்ற ஒரு பாவனை. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த பூனை என்று ரசிகர்கள் கதை கட்டி விளையாடினார்கள்.

2013-ல் ‘லில் பப் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற ஆவணப்படம் நியூயார்க்கின் டிரைபெக்கா திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, ஆன்லைன் பிரிவில் சிறந்த படத்துக்கான விருதையும் வாங்கியது. அந்த விழாவை நடத்துபவர்களில் ஒருவரான நடிகர் ராபர்ட் டி நீரோவே பூனையோடு போட்டோவுக்கு நின்றார். அதே ஆண்டு புத்தகம். 2015-ல் ‘சயின்ஸ் அண்ட் மேஜிக்’ என்ற ஆல்பம்.

அதன் உடம்பில் என்னதான் பிரச்னை?

ஒன்றல்ல, பல. பட்டியலே போடலாம்.

விரல்கள்: சாதாரணப் பூனைக்கு முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு என மொத்தம் 18 விரல்கள். லில் பப்புக்கு ஒவ்வொரு காலிலும் ஒரு விரல் கூடுதல். ஆக 22.

பற்கள்: வளர்ந்த பூனைக்கு 30 பற்கள் இருக்க வேண்டும். லில் பப்புக்கு ஒன்றுகூட வெளியே வரவில்லை. நாக்கைத் தடுத்து நிறுத்தப் பற்கள் இல்லை, கீழ்த்தாடையும் குட்டை. அதனால்தான் நாக்கு எப்போதும் வெளியே. ‘அப்படியானால் எப்படிச் சாப்பிடும்?’ என்பதுதான் ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. பதில், நன்றாகவே சாப்பிடும். ஈர உணவு மட்டுமல்ல, உலர் உணவையும் ஒரு கை பார்த்துவிடும்.

உயரம்: குள்ளத்தன்மை. உடம்போடு ஒப்பிட்டால் கால்கள் ரொம்பக் குட்டை. அதனால் நடப்பதே ஒரு தினுசாக, வாத்து நடப்பது போல இருக்கும்.

இதுவரை சொன்னவை எல்லாம் வெளியே தெரிந்தவை. உண்மையான சிக்கல் உள்ளே, எலும்பில் இருந்தது. ஒரு வயதை நெருங்கும்போது லில் பப்பின் நடமாட்டம் குறைய ஆரம்பித்தது. குட்டிக்குட்டியாக ஓடிக்கொண்டிருந்த பூனை, ஒரு கட்டத்தில் நகரவே சிரமப்பட்டது. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்கு ஆஸ்டியோபெட்ரோசிஸ். பூனைகளில் மிக மிக அபூர்வமான எலும்பு நோய்.

சரி, அது என்ன நோய்?

எலும்பு என்றால் ஒருமுறை வளர்ந்து அப்படியே நின்றுவிடும் கல் தூண் என்று பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. நம் உடம்பிலும் சரி, பூனை உடம்பிலும் சரி, எலும்பு என்பது எந்நேரமும் வேலை நடந்துகொண்டிருக்கும் ஒரு சாலை மாதிரி. ஒரு குழு பழைய எலும்பைச் சுரண்டி எடுக்கும். இன்னொரு குழு புதிய எலும்பைப் போடும். சுரண்டும் செல்களுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். போடும் செல்கள் ஆஸ்டியோபிளாஸ்ட்.

நம் ஊர்த் தெருக்களை நினைத்துப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல், அதன் மேலேயே மறுபடி மறுபடி ரோடு போட்டால் என்ன ஆகும்? சாலை உயர்ந்துகொண்டே போகும், வீடுகள் பள்ளத்துக்குள் போய்விடும். ஆஸ்டியோபெட்ரோசிஸில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சுரண்டும் குழு வேலைக்கு வராது. போடும் குழு மட்டும் போட்டுக்கொண்டே இருக்கும்.

விளைவு? எலும்பு அடர்த்தியாகிக்கொண்டே போகும். அடர்த்தி அதிகம் என்றால் வலு அதிகம் என்று தோன்றலாம். ஆனால், பழசை எடுத்துப் புதுசைப் போடும் சுழற்சி இல்லாததால், அந்த எலும்பு எளிதில் உடையக்கூடியதாகிவிடும். எலும்புக்குள் மஜ்ஜை இருக்கும் இடம் சுருங்கும். ரத்த செல்கள் உற்பத்தியாவது அங்கேதான் என்பதால் ரத்தசோகை, தொற்று எனப் பிரச்னைகள் வரிசை கட்டும்.

லில் பப்புக்குப் பல் முளைக்காததற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. தாடை எலும்புக்குள் உருவாகும் பல் வெளியே வர வேண்டுமென்றால், வழியில் இருக்கும் எலும்பை யாராவது சுரண்டி வழிவிட வேண்டும். அந்த வேலையும் ஆஸ்டியோகிளாஸ்டுடையதுதான். அது வேலை செய்யாவிட்டால் பல்லுக்குக் கதவே திறக்காது. மனிதர்களில் இந்த நோய் உள்ள குழந்தைகளுக்கும் பல் முளைப்பதில் இதே சிக்கல் வருவதுண்டு.

மறுபடி எப்படி ஓடியது?

இந்த நோய்க்கு மருந்து கொடுத்து முழுதாகக் குணப்படுத்தும் வழி லில் பப்புக்கு இல்லை. வலியையும் வீக்கத்தையும் குறைத்து, இருக்கும் நாட்களை நல்லபடியாக ஆக்குவதுதான் மருத்துவர்கள் முன் இருந்த வேலை. அதற்காக முயன்று பார்த்த சிகிச்சைகளில் ஒன்று, துடிப்பு மின்காந்த அலை சிகிச்சை. வளையம் போன்ற ஒரு சிறிய கருவியைப் பூனையின் உடம்பையொட்டி வைத்து, தினமும் சிறிது நேரம் மிக லேசான மின்காந்தத் துடிப்புகளைச் செலுத்துவார்கள். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை.

சில காலத்தில் மாற்றம் தெரிந்தது. நடக்கவே சிரமப்பட்ட பூனை, மறுபடி நடந்தது. பிறகு ஓடியது. சின்னச் சின்னதாகத் தாவவும் ஆரம்பித்தது. அந்த வீடியோக்களைப் பார்த்து உலகம் முழுக்க ரசிகர்கள் கண் கலங்கினார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். இது ஒரே ஒரு பூனையின் அனுபவம். ‘இந்தச் சிகிச்சை எலும்பு நோயைக் குணப்படுத்தும்’ என்று இதை வைத்து முடிவுக்கு வந்துவிட முடியாது. நோய் கடைசிவரை உள்ளேதான் இருந்தது. மாறியது, அந்த நோயோடு அது வாழ்ந்த விதம்.

ஒரு பூனைக்காக மரபணு ஆராய்ச்சியா?

2015-ல் ஜெர்மனியின் பெர்லினில் உள்ள மேக்ஸ் பிளாங்க் மூலக்கூறு மரபியல் நிறுவனத்தின் இளம் விஞ்ஞானிகளும் அமெரிக்காவில் இருந்த அவர்களின் சக விஞ்ஞானியும் ஒரு யோசனையோடு வந்தார்கள். லில் பப்பின் மொத்த மரபணுத் தொகுதியையும் படித்துப் பார்த்தால் என்ன? அரசு நிதிக்கு விண்ணப்பிக்காமல், இணையத்தில் பொதுமக்களிடமே நிதி திரட்டினார்கள். ரசிகர்கள் கொடுத்தார்கள்.

பூனையின் மரபணுத் தொகுதி என்பது சுமார் 250 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு புத்தகம். லில் பப்பின் ரத்த மாதிரியிலிருந்து அதைப் படித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டுபிடித்தது இரண்டு வெவ்வேறு எழுத்துப் பிழைகள்.

முதல் பிழை, ‘ரேங்க்’ என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவில். ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் உருவாக, ‘வேலைக்கு வா’ என்ற தகவல் இந்தப் புரதத்தின் வழியாகத்தான் போய்ச்சேரும். அதில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப்போனதால், அதற்குப் பிறகான வாசகம் முழுக்கக் குழம்பிவிட்டது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளிலும் அதே பிழை இருந்ததால்தான் நோய் வெளிப்பட்டது.

இரண்டாவது பிழை, கூடுதல் விரல்களுக்குக் காரணமானது. இது ஏற்கெனவே தெரிந்த ஒன்றுதான். எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில் வாழ்ந்த வீட்டில், இன்றும் ஏராளமான பூனைகள் ஆறு விரல்களோடு உலவுகின்றன. அதே மரபணு மாற்றம்தான் லில் பப்பிடமும் இருந்தது. எலும்பு நோய்க்கும் கூடுதல் விரலுக்கும் சம்பந்தமே இல்லை. தற்செயலாக இரண்டும் ஒரே குட்டியிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

இதனால் மனிதர்களுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ரேங்க் மரபணுவில் பிழை ஏற்பட்டால் மனிதக் குழந்தைகளுக்கும் ஆஸ்டியோபெட்ரோசிஸ் வரும். குழந்தைகளைத் தாக்கும் தீவிர வகை, சுமார் இரண்டரை லட்சம் பிறப்புகளில் ஒன்றில் வருகிறது. அவர்களில் பலருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையே நம்பிக்கை. இன்னொரு பக்கம், வயதானவர்களுக்கு வரும் எலும்புத் தேய்மானத்தில் பிரச்னை தலைகீழ். சுரண்டும் குழு அளவுக்கு மீறி வேலை செய்யும். 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெனோசுமாப் என்ற ஊசி மருந்து, இதே ரேங்க் புரதத்துக்குப் போகும் தகவலைத் தடுத்துத்தான் எலும்பைக் காப்பாற்றுகிறது. கொட்டகையில் பிறந்த பூனையின் நோயும் பாட்டிக்குப் போடும் ஊசியும் ஒரே ஸ்விட்ச்சில் வந்து நிற்கின்றன.

இப்படிப் பிறக்கும் மற்ற பூனைகளின் கதி?

லில் பப்புக்கு ஒரு பிரிடாவ்ஸ்கி கிடைத்தார். எல்லாப் பூனைக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. காப்பகங்களில் இடம் குறைவு, பணமும் குறைவு. தத்தெடுக்க வருபவர்கள் ஆரோக்கியமான, அழகான குட்டியைத்தான் முதலில் தூக்குவார்கள். கண் தெரியாததும் காலிழந்ததும் கூண்டில் மாதக்கணக்கில் காத்திருக்கும். அந்த இடத்தில் நாலு ஆரோக்கியமான குட்டிகளைக் காப்பாற்றலாமே என்ற கணக்கு வரும்போது, கருணைக்கொலை ஊசி முடிவாகிவிடுவதுண்டு.

இதற்கு மாற்றாக உருவானவைதான், சிறப்புத் தேவையுள்ள பிராணிகளை நிரந்தரமாக வைத்துப் பராமரிக்கும் சரணாலயங்கள். அமெரிக்காவின் யூட்டா மாகாணம் கனாபில் 1984-ல் தொடங்கிய ‘பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்’ சரணாலயத்தில் பூனை, நாய், குதிரை என ஒரே நேரத்தில் சுமார் 1,600 பிராணிகள்வரை இருக்கும். நியூ ஜெர்சியில் 2003-ல் திறக்கப்பட்ட ‘டேபிஸ் பிளேஸ்’, கூண்டே இல்லாத பூனைச் சரணாலயம். ரோம் நகரின் டோரே அர்ஜென்டினாவில், ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்ட இடத்தையொட்டிய இடிபாடுகளுக்குள் ஒரு பூனைக் காப்பகம் இருக்கிறது. அங்கே கண் தெரியாத, கால் இழந்த பூனைகளைத் ‘தொலைவிலிருந்து தத்தெடுக்கும்’ திட்டமும் உண்டு. பூனை அங்கேயே இருக்கும். செலவை எங்கோ இருக்கும் ஒருவர் மாதாமாதம் அனுப்புவார்.

சரணாலயத்தில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

குறைக்கு ஏற்ப வேலை மாறும்.

தள்ளாடும் பூனைகள்: சினையாக இருக்கும் தாய்ப்பூனைக்குப் பூனை பார்வோ வைரஸ் தொற்றினால், வயிற்றில் இருக்கும் குட்டிகளின் சிறுமூளை சரியாக வளராமல் போகலாம். சமநிலையைப் பார்த்துக்கொள்வது சிறுமூளைதான். பிறக்கும் குட்டி, போதையில் நடப்பதுபோலத் தள்ளாடும். தட்டில் வாய் வைக்கப் போனால் தலை ஆடும். பார்ப்பவர்களுக்கு மனசு பதறும். ஆனால், இதில் வலி இல்லை. நாளாக ஆக மோசமாவதும் இல்லை. வழுக்காத தரை விரிப்பு, பக்கவாட்டில் சாய்ந்துகொள்ள வசதியான உயர்ந்த சுவர் உள்ள மணல் தட்டு, கனமான சாப்பாட்டுக் கிண்ணம். இவை இருந்தால் முழு ஆயுளும் ஜாலியாக வாழ்ந்துவிடும்.

கண் தெரியாத பூனைகள்: மீசையும் காதும் மூக்கும் சேர்ந்து அறையின் வரைபடத்தை மனசில் போட்டுக்கொள்ளும். பராமரிப்பாளர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சோபாவையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் இடம் மாற்றக் கூடாது.

பின்னங்கால் செயலிழந்தவை: இதுதான் உண்மையிலேயே கஷ்டமான வேலை. முதுகுத்தண்டில் அடிபட்ட பல பூனைகளால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. நாளைக்கு இரண்டு மூன்று முறை, வயிற்றை மெதுவாக அழுத்திச் சிறுநீர்ப்பையைக் காலி செய்ய வேண்டும். ஒரு நாள் லீவு போட முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. தவறினால் தொற்று சிறுநீரகம்வரை போய்விடும்.

எஃப்.ஐ.வி. தொற்றுள்ளவை: மனிதர்களுக்கு வரும் எச்.ஐ.வி.யின் தூரத்துச் சொந்தம்தான் இந்த வைரஸ். ஆனால், மனிதர்களுக்குப் பரவாது. பூனைகளுக்குள்ளும் பெரும்பாலும் ஆழமான கடியால்தான் பரவும். சண்டை போடாத சூழலில் வைத்தால், பல பூனைகள் நீண்ட நாள் நன்றாக வாழும்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். லில் பப்பின் புகழ் உண்மையில் உதவியது இங்கேதான். 2014-ல் அமெரிக்காவின் பழம்பெரும் பிராணிகள் வதைத் தடுப்பு அமைப்பான ஏ.எஸ்.பி.சி.ஏ.வோடு சேர்ந்து ‘லில் பப்ஸ் பிக் ஃபண்ட்’ தொடங்கப்பட்டது. சிறப்புத் தேவையுள்ள செல்லப் பிராணிகளுக்கென்றே அமெரிக்காவில் தேசிய அளவில் உருவான முதல் நிதி அது. ரசிகர்கள் வாங்கிய டி-ஷர்ட், பொம்மை, நேரில் பார்க்க வாங்கிய டிக்கெட் என ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பங்கு, முன்பின் தெரியாத ஏதோ ஒரு காப்பகத்தில் இருக்கும் தள்ளாடும் பூனைக்குப் போய்ச் சேர்ந்தது.

‘இப்படி வாழ வைப்பது கொடுமை இல்லையா?’

லில் பப் வைரலான நாளிலிருந்து இந்தக் கேள்வியும் கூடவே வந்தது. ‘நடக்க முடியாத பூனையை வைத்துச் சம்பாதிக்கிறார்கள்’ என்பதில் தொடங்கி, ‘தூங்க வைத்திருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும்’ என்பதுவரை. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பூனைகள் வலியை மறைப்பதில் கில்லாடிகள். அழாது, கத்தாது. ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘அமைதியா இருக்கு’ என்று நாம் நினைப்பது, சில சமயம் வலியாக இருக்கலாம்.

அதனால்தான் கால்நடை மருத்துவர்கள் தோற்றத்தை வைத்து முடிவெடுக்காமல், அன்றாட வாழ்க்கையை வைத்து எடைபோடச் சொல்கிறார்கள். விருப்பத்தோடு சாப்பிடுகிறதா? தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறதா? விளையாட, பழக ஆர்வம் காட்டுகிறதா? வலி மருந்துக்குக் கட்டுப்படுகிறதா? கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா? பதில் ‘ஆம்’ என்றால், தள்ளாட்டமும் தொங்கும் நாக்கும் பார்க்கும் நமக்குத்தான் பிரச்னை, பூனைக்கு இல்லை. பதில் ‘இல்லை’ என மாறும் நாள் வந்தால், விடைகொடுப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான்.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து

இன்னொரு சிக்கல் பெரிசு. குறையோடு பிறந்த பூனை ‘க்யூட்’ என்று வைரலாகும்போது, ‘அதே மாதிரி ஒண்ணு வேணும்’ என்று கேட்பவர்கள் வருவார்கள். கேட்பவர் இருந்தால் விற்பவரும் வருவார்.

ஸ்காட்டிஷ் ஃபோல்டு பூனையை இன்ஸ்டாகிராமில் பார்க்காதவர்கள் குறைவு. காது முன்பக்கம் மடங்கி, ஆந்தை மாதிரி உருண்டை முகத்தோடு இருக்கும். 1961-ல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட சூசி என்ற பூனையின் வம்சம் இது. அந்தக் காது மடங்குவது அழகுக்காக அல்ல. குருத்தெலும்பில் உள்ள குறைபாடு அது. காதை மடக்கும் அதே மரபணு, கால் மூட்டுகளையும் பாதிக்கும். பல பூனைகள் சின்ன வயதிலேயே மூட்டு வலியோடு வாழ்கின்றன. அதனால்தான் பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பு இந்த இனத்தை அங்கீகரிப்பதில்லை. நெதர்லாந்து, பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதி போன்ற இடங்களில் இதை இனப்பெருக்கம் செய்யத் தடை இருக்கிறது.

லில் பப் விஷயம் இதற்கு நேர் எதிர். அது யாரும் திட்டமிட்டு உருவாக்கியதல்ல. தெருப்பூனைக்குத் தற்செயலாகப் பிறந்த குட்டி. அதன் வாரிசு வேண்டும் என்று யாரும் முயலவில்லை. பிரிடாவ்ஸ்கி மேடைதோறும் பேசியது, கருத்தடை அறுவைசிகிச்சை பற்றியும் காப்பகத்திலிருந்து தத்தெடுப்பது பற்றியும்தான். குறையோடு பிறந்ததைக் காப்பாற்றுவது ஒன்று. குறையை விற்பனைக்காகவே பிறக்கவைப்பது வேறு ஒன்று. லைக் போடும் விரலுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் இப்படி ஒரு குட்டி வந்தால்?

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தள்ளாடும் குட்டியைப் பார்த்தால், முதலில் பதற்றம் வேண்டாம். சில விஷயங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

* குட்டியை முதலில் கதகதப்பாக வைக்க வேண்டும். உடம்பு சில்லிட்டுப்போன குட்டிக்கு அவசரப்பட்டுப் பால் புகட்டக் கூடாது, செரிக்காது. சூடு ஏறிய பிறகுதான் உணவு.
* பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குட்டிகளுக்கென்றே கடைகளில் கிடைக்கும் பால் பவுடர் நல்லது.
* தள்ளாட்டம் எல்லாமே பிறவிக்குறை அல்ல. அடிபட்டிருக்கலாம், விஷம் சாப்பிட்டிருக்கலாம், காதில் தொற்று இருக்கலாம். கால்நடை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.
* வீட்டில் வேறு பூனை இருந்தால், பரிசோதனை முடியும்வரை தனி அறை.
* தெருப்பூனைகளுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்ய உதவுவது, அடுத்த தள்ளாடும் குட்டி பிறக்காமல் தடுக்கும் வழி. ஆனால், சினையாக இருக்கும் பூனைக்கு மருத்துவரைக் கேட்காமல் எந்தத் தடுப்பூசியும் போடக் கூடாது. சில தடுப்பூசிகளே வயிற்றில் இருக்கும் குட்டியின் சிறுமூளையைப் பாதிக்கலாம்.

கடைசி டிசம்பர்

2019-ம் ஆண்டு. லில் பப்பின் எலும்பில் தொற்று ஏற்பட்டது. எலும்பே அடைத்துக்கொண்டு கிடக்கும் உடம்பில், அந்தத் தொற்றை விரட்டுவது எளிதல்ல. சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை காலை, தூக்கத்திலேயே அதன் உயிர் பிரிந்தது. வயது எட்டு.

ஆரோக்கியமான வீட்டுப்பூனை 15 வருடம்கூட வாழும். அந்தக் கணக்கில் எட்டு என்பது பாதிதான். ஆனால், கொட்டகையில் கிடந்த அந்த நோஞ்சான் குட்டிக்கு யாரும் எட்டு நாள்கூடக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் அதற்குத் தான் பிரபலம் என்பதும் தெரியாது, தனக்குக் குறை இருப்பதும் தெரியாது. சாப்பாடு வரும் நேரம் தெரியும், மடியில் இடம் இருப்பது தெரியும், முடிந்தபோது ஓடத் தெரியும். அவ்வளவுதான்.

உலகின் ஏதோ ஒரு காப்பகத்தில் இந்நேரம் ஒரு தள்ளாடும் பூனை, சாப்பாட்டுக் கிண்ணத்தைக் குறிபார்த்து, தவறி, மறுபடி குறிபார்த்துக்கொண்டிருக்கும். அதற்குத் தேவை அனுதாபக் கமென்ட் அல்ல. நகராத ஒரு கிண்ணமும், வழுக்காத ஒரு தரையும், நாளைக்கும் தவறாமல் வரும் ஒரு ஆளும்.